தேசப்பனின் சட்டைப் பை

துண்டை இறக்கித்தான் பிடித்திருந்தாள் மங்கையர்க்கரசி. இறக்கிப் பிடித்தால் நில். இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தால் வா. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது, இதற்குப் போய் டிரெயினிங்கா என்று நேற்று ஆஸ்பத்திரி வார்டில் ஆபரேஷன் முடிந்த ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை அண்ணி கேட்டு, தன் சிவப்புத் துண்டை மடித்து இவள் கையில் திணித்தபோது இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்தான். சிரிக்க என்ன, வார்டில் கடல் இல்லை. இங்கே, ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்து மணல்திட்டில், எதிரே வரிசை வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்க, அந்த வரிசைகளுக்கு அப்பால் ஒரு படகு இவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்க, துண்டு நனைந்த ஜமுக்காளம் மாதிரி கனத்தது. படகில் நாலு பேர். சுக்கானில் தேசப்பன், அஞ்சலை அண்ணியின் புருஷன். முன்னால் கழியோடு கன்னியப்பன். நடுவில், விடியற்காலையில் நண்டுவலை எடுக்கப் போன பக்கத்துக் குப்பத்துப் புருஷனும் பெண்டாட்டியும். ஏரிக்குள்ளேயே அவர்கள் இன்ஜின் நின்றுபோக, ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரமாகப் பார்த்து, அந்த ஓட்டம் இரண்டு பேரையும் படகோடு வெளியே தள்ளிவிட்டது. போன் வந்ததும் தேசப்பன் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர்களுடைய படகை வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, ஆட்களை மட்டும் தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். இனி அலைகளைத் தாண்டி உள்ளே வர வேண்டும். வருவதற்கு இவள் துண்டைத் தூக்க வேண்டும்.

உள்ளே வருகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்தக் கரையில் யாரும் எழுதி வைக்காத, யாரும் மீறாத சட்டம் அது. திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் சுக்கான் திரும்பும், சுக்கான் திரும்பினால் படகு அலைக்குத் தன் விலாவைக் காட்டிவிடும், அப்புறம் மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும். அதனால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்பக்கம் மட்டும்தான் சொந்தம், பின்பக்கத்தைக் கரையில் நிற்கிறவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போனில் சொல்லலாமே என்று வந்த புதிதில் இவள் கேட்டதற்கு, இன்ஜின் சத்தத்தில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது என்றார்கள். ஆகவே துண்டு. சும்மா சொல்லக் கூடாது, மூன்று வருஷமாகப் படகின் பின் மூலையில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் குந்தி, வெட்டிய பெயிண்ட் டப்பாவால் இறைத்துக்கொண்டே இவள் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட அந்த மனிதர் திரும்பியதில்லை. பஸ்ஸில் பின்சீட்டில் ஒருவன் இருமினாலே மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கிற ஊர் இது. முதுகுக்குப் பின்னால் ஒரு வீட்டு உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து வருகிற சத்தம் கேட்கும், தேசப்பனின் கழுத்து அசையாது. கரையில் சிவப்பாக ஒரு புள்ளி, அது அஞ்சலை அண்ணி. அந்தப் புள்ளியை நம்பி ஒரு மனிதர் தன் முதுகைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பார். இப்படி நம்புவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இவள் பலமுறை நினைத்திருக்கிறாள், நம்பப்படுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று இன்றைக்குத்தான் நினைக்கிறாள். வெயிலில் உள்ளங்கை வேர்த்தது, துண்டில் துடைத்துக்கொண்டாள், உடனே பதறி, துண்டு அசைந்ததை அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று படகைப் பார்த்தாள். படகு நின்ற இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பார்த்தால் என்ன சொல்வாள். அக்காவுக்கு எப்போதும் ஒரே பேச்சுதான், உனக்கு எதுவும் பாதிக்கு மேல் போகாதுடி. இவள் தையல் மெஷின் வாங்கினாள், பாவாடை நாடா கோப்பதோடு நின்றது. வீணை வாங்கினாள், வீணைக்கு உறை தைப்பதற்குத்தான் தையல் மெஷின் பயன்பட்டது. மாடியில் தோட்டம் போட்டாள், குரங்குகள் வந்து அறுவடை செய்தன. தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையைத் தவிர நிலைத்தது எதுவும் இல்லை, அதுவும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதால் நிலைத்தது என்பாள் அக்கா. பிறகு கேமரா வந்தது. நாள் முழுக்க மனுஷர்களின் உள்ளே இருப்பதையே எடுத்துக்கொண்டிருக்கிறோமே, வெளியே இருப்பதையும் கொஞ்சம் எடுப்போம் என்று தோன்றியதுதான் காரணம். ஏரிக்குப் பூநாரை பார்க்க வந்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் படகை வாடகைக்குப் பிடித்தாள், பாதி வழியில் யாரோ முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. அவர் இவளைக் கரையில் இறக்கிவிடக்கூட நிற்கவில்லை. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப் போட்டு, மொண்டு ஊத்தும்மா என்றார். ஊத்தினாள். பூநாரை பறந்துகொண்டே இருந்தது, ஒரு படமும் எடுக்கவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டதைப் பார்த்தாள். காசு வாங்காமல், பேர் வாங்காமல், உடம்பெல்லாம் உப்போடு தேசப்பனும் கன்னியப்பனும் வந்து பழைய சோறு சாப்பிட்டதைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள், எதற்கென்று தெரியாமல். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்ததும். எக்ஸ்ரேம்மா வந்துட்டாங்க, டப்பாவ எடுத்து வையி என்று கன்னியப்பன் கத்துவதைக் கேட்டால்தான் வாரமே முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

அலை தாண்டும்போது இவள் வாய் தானாக ஆஸ்பத்திரிப் பாட்டைப் பாடும். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே நிறுத்துங்க. ஆ, விடலாம். கன்னியப்பனுக்கு அது பெரிய தமாஷ், டீக்கடையில் யார் டீ டம்ளரை வாயில் வைத்தாலும் நிறுத்துங்க என்பான். படம் எடுப்பதும் நடந்தது. ஆனால் உட்காரும் இடம் பின்மூலை, ஆகவே எல்லாம் முதுகு. தேசப்பனின் முதுகு வெயிலில், தேசப்பனின் முதுகு மழையில், தேசப்பனின் முதுகில் ஒட்டிய சட்டை. அதில் ஒரு முதுகுப் படம் மாவட்டப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியது. அலைக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் எப்போதும் தலையைக் குனிவார், வலது கை வாய்ப்பக்கம் போகும், அங்கிருந்து சட்டைப் பைக்குப் போகும், பையை ஒரு தரம் அழுத்திக்கொள்ளும். பையில் அம்மன் படம் வைத்திருக்கிறார், எடுத்து முத்தமிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று இவளுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. கேட்டுக்கொள்ளவில்லை, அதையெல்லாம் கேட்கக் கூடாது. படத்துக்கு 'வேண்டுதல்' என்று பேர் வைத்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டு மீனவர் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறார்கள், போகிற வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். தேசப்பன் அந்தப் பக்கம் போனாலே வேறு எங்கோ பார்ப்பார், அடக்கம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். முகம் மட்டும் கிடைக்கவே இல்லை. கரையில் என்றால் ரேஷன் கார்டுக்கு நிற்பது மாதிரி விறைத்து நிற்பார், வயசுக்கு அந்தப் பல்வரிசையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், ஆனால் அந்த முகம் யாருக்கு வேண்டும். அலை பின்னால் எழும்போது முன்னால் அவர் முகம் எப்படி இருக்கும். அதைப் பார்த்த ஒரே ஆள் அஞ்சலை அண்ணி. கேட்டால், சிரிச்சினு வருவாரு, நீ வேற, என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சிரித்துக்கொண்டா. பொங்கலுக்குக்கூடச் சிரிக்காத மனுஷன் சாவு முதுகில் இருக்கும்போது சிரிப்பாரா. அந்த ஒரு படம் கிடைத்துவிட்டால் போதும், அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று இவள் இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அந்த இடத்தில் நிற்கிறாள், நீள லென்ஸ் மாட்டிய கேமரா கழுத்தில் தொங்குகிறது, கையில் துண்டு.

ஒரு கை துண்டுக்கு, ஒரு கை கேமராவுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். நாலு பேரும் சரியாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். தேசப்பன் தெரிந்தார், கறுத்த மோவாய், அசையாத கண். நண்டுக்காரப் பெண் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்திருந்தாள். அவர்களுக்கும் இவளுக்கும் நடுவே அலை, அலைமேல் அலை, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது, நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. இதற்குள் எப்படி வருவார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், வந்து முடிந்ததும் கடல் கொஞ்சம் அசரும், அந்த அசரும் நேரத்தில்தான் படகு உள்ளே வர வேண்டும் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அசரவே இல்லையே. இன்னும் பார்த்தாள். வியூஃபைண்டரில் கண் ஒட்டிக்கொண்டது, மோவாய் கொஞ்சம் திரும்பினால் வெளிச்சம் சரியாக விழும், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். காலில் சுளீரென்று ஏதோ பட, நண்டு, குனிந்தாள், கேமரா கண்ணை விட்டு விலகியது, வெறுங்கண்ணால் கடலைப் பார்த்தாள். எதிரே தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. ஏரி மாதிரி. எவ்வளவு நேரமாகவோ அப்படிக் கிடந்திருக்கிறது. தூரத்தில் அடுத்த கூட்டம் கறுப்புக் கோடாக எழ ஆரம்பித்துவிட்டது. அசந்த நேரம் வந்து, இவளுக்காகக் காத்திருந்து, போய்விட்டது.

நீள லென்ஸ் தூரத்தை மடித்துவிடும், பின்னால் இருப்பதை இழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிவிடும், இது இவளுக்குத் தெரியாதா. எக்ஸ்ரேயும் அதைத்தானே செய்கிறது, நெஞ்சின் முன் எலும்பையும் முதுகெலும்பையும் ஒரே படத்தில் அப்பிவிடும், அதனால்தானே பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கச் சொல்கிறார்கள். தினமும் செய்கிற வேலை. தெரிந்துகொண்டே ஏமாந்தாள், ஒரு முகத்துக்காக. படகில் யாரும் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எக்ஸ்ரேம்மா தூக்கவில்லை என்றால் காரணம் இருக்கும் என்று அந்த நாலு பேரும் அங்கே நம்பிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இறைக்க ஆள் இல்லாத படகில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், ஏரியிலிருந்து வடிகிற தண்ணீர் வேகம் பிடித்துக்கொண்டே இருக்கிறது, வேகம் பிடிக்கப் பிடிக்க அலை இன்னும் செங்குத்தாக எழும். பாதியில் விடுகிறவள். வீணைக்கு உறை தைத்தவள். ஓடிப்போய் யாரையாவது கூட்டிவந்தால் என்ன, யாரை, ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இவள் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள். மணல் படக்கூடாதே என்று அந்த நேரத்திலும் புத்தி போயிற்று, செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்து அதன்மேல் கேமராவை வைத்தாள், லென்ஸ் மூடியையும் போட்டாள். கழுத்து லேசாக இருந்தது. அந்தப் படம் இனி இல்லை என்று தெரிந்தது, ஒரு சின்ன வலி வந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கால் சுட்டது.

வெறுங்கண். முதல் அலை உடைந்தது. இரண்டாவது. இப்போது அலைகளுக்கு நடுவே இடம் தெரிந்தது, ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக வந்தது. ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைகளைக் கொண்டுவருவார்கள், நெஞ்சில் சளி, மூச்சை நிறுத்தச் சொன்னால் அதற்குத் தெரியுமா, வீறிட்டு அழும். அம்மா அழுவாள், டாக்டர் அவசரப்படுத்துவார். இவள் அவசரப்பட மாட்டாள். அழுகை ஏறும், உச்சிக்குப் போகும், தீரும், தீர்ந்த பிறகு அடுத்த அழுகைக்காகக் குழந்தை நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கும், அந்த இழுப்பில் பட்டனைத் தட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் குழந்தை அசைந்துவிட்டது என்று இவள் படம் திரும்பி வந்ததில்லை. இதில் மட்டும் பாதியில் விட்டதில்லை. அக்காவுக்கு இது தெரியாது, இவளுக்கேகூட இதுவரை தெரியாது. அழு, அழுது தீர், என்றாள் கடலிடம். நாலாவது பெரிதாக வந்தது, படகு ஒரேயடியாக உயர்ந்து, மறுபக்கம் இறங்கிக் காணாமல் போய்த் திரும்பத் தெரிந்தது. அடுத்தது அதைவிடச் சின்னது. அதற்கடுத்தது உடையக்கூட மனசில்லாமல் வழிந்தது. அடிவானத்தைப் பார்த்தாள், கறுப்பு ஏதும் இல்லை. இன்னொரு தரம் பார்த்தாள். கண்ணில் வேர்வை இறங்கியது, துடைக்கவில்லை. மூச்சை நல்லா இழுங்க என்றாள். இரண்டு கையாலும் துண்டைத் தலைக்கு மேலே விரித்தாள், காற்று அதை அறைந்து இழுக்க, இழுத்துப் பிடித்து, அப்படியே நிறுத்துங்க என்றாள்.

இன்ஜின் சத்தம் மாறியது. தேசப்பன் தலையைக் குனிந்தார், கை வாய்க்குப் போயிற்று, சட்டைப் பைக்குப் போயிற்று, பையை அழுத்தியது. படகு வந்தது. ஆள் பாரத்தில் மெதுவாகத்தான் வந்தது, இவ்வளவு மெதுவாகவா ஒரு படகு வரும், தட்டைத் தண்ணீரில் அது ஊர்ந்து வர, பின்னால் வெகுதூரத்தில் ஒரு கோடு லேசாகக் கறுக்க ஆரம்பிக்க, இவள் துண்டை இறக்கவில்லை, இறக்கினால் அவர் தயங்குவார், தயங்கினால் போச்சு. தயங்கவில்லை அவர். திரும்பவில்லை. கண் இந்தச் சிவப்பை விட்டு நகரவில்லை. பக்கத்தில் வர வர முகம் தெளிந்தது, இவள் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, வாய் ஒரு கோடாக இழுபட்டு, முதல் பார்வைக்குச் சிரிப்பது மாதிரிதான் இருந்தது, அண்ணி பொய் சொல்லவில்லை. சிரிப்பு இல்லை அது. பல் இல்லை. வாயில் ஒரு பல்கூட இல்லை. அந்தச் சட்டைப் பையில் அம்மன் இல்லை. ஐயோ, வேண்டுதல், ஆறுதல் பரிசு, செருப்பைக் கழற்றுகிற ஜனம் என்று எல்லாம் ஒன்றாக மேலே எழும்பி வர, அதையும் தாண்டி அந்த முகம் இவளைப் பிடித்து நிறுத்தியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் பார்க்கிறாள். எக்ஸ்ரே அறையின் கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம், சட்டையைக் கழற்றிவிட்டு, பல்செட்டையும் செயினையும் டப்பாவில் போட்டுவிட்டு, மோவாயைத் தூக்கி, இவள் நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, விடச் சொல்லும்வரை விடாமல் நிற்கிறார்களே, மேஸ்திரிகள், வாத்தியார்கள், பூக்காரிகள், அவ்வளவு பேர் முகமும் இதுதான். தன் உயிரை இன்னொருத்தர் கையில் கொஞ்ச நேரம் கொடுத்து வைத்திருக்கிற முகம். முன்னால் கன்னியப்பன் கழியோடு நிற்கிறான், அவன் கன்னம் பந்து மாதிரி உப்பியிருக்கிறது, தமாஷா நிஜமா தெரியவில்லை. கறுப்புக் கோடு எழுந்து, வளைந்து, படகு முகத்துவாரத்து வளைவைத் தாண்டி ஏரித் தண்ணீரில் இறங்கின பிறகு, ஆளில்லாத இடத்தில் விழுந்து உடைந்தது.

நண்டுக்காரப் பெண் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள், அவள் புருஷன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு வானத்தையே பார்த்தான். கன்னியப்பன் போனை எடுத்து ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தேசப்பன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். பாதி வழியில் செருப்பின்மேல் இருந்த கேமரா அவர் கண்ணில் பட, சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார்.

"போட்டோ புடிச்சிட்டியாம்மா?" என்றார், காற்றோடு.

"இல்லண்ணே. கை காலியில்ல."

அவருக்கு மூச்சு வந்தது. பையிலிருந்து எடுத்ததை ஏரித் தண்ணீரில் அலசி, அந்தப் பக்கம் திரும்பி வாயில் பொருத்திக்கொண்டு, முழு முகத்தோடு திரும்பினார். முன்னால் ஒரு செட்டு இதே இடத்தில் அலை அடித்துத் தெறித்துப் போய்விட்டதாம், அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். நீ சாமி படம்னு நெனச்சி ஆசையா மாட்டிட்ட, எப்டி சொல்றது, அஞ்சலதான் சொல்லாதன்னா, என்றார் மணலைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பேரே இருக்கட்டும் அண்ணே என்று இவள் சொல்ல நினைத்தாள், பேர் சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்றும் சொல்ல நினைத்தாள். அவர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். பிறகு இவள் தலைக்கு மேலே பார்த்தார். துண்டு இன்னும் அங்கேயே, இரண்டு கைக்கும் நடுவே, விரித்தபடி படபடத்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வந்துட்டோம்," என்றார். "நீ மூச்ச வுடலாம்மா."

விட்டாள்.